வலையோரம் நிற்பவர்

2019 ஆகஸ்ட் 25 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பி.வி. சிந்து, ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். அன்றிரவும் மறுநாளும் இந்தியாவில் பேட்மிண்டன் என்றால் அந்த ஒரு செய்திதான். அதே நாளில், அதே அரங்கில் ஆடவர் இரட்டையர் இறுதியாட்டமும் நடந்தது. ஒரு பக்கம் இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செட்டியவானும் முகம்மது அஹ்ஸானும். மறுபக்கம் ஜப்பானின் டகுரோ ஹோகியும் யூகோ கோபயாஷியும். ஜப்பானியர் இருவருக்கும் வயது 24. அஹ்ஸானுக்கு 32 நெருங்கிக்கொண்டிருந்தது. ஹென்ட்ராவுக்கு அன்றுதான் பிறந்தநாள்; 35 நிறைந்திருந்தது. முதல் கேமை 25-23 என்று இழுபறியில் எடுத்த இந்தோனேசியர்கள் இரண்டாவதை 9-21 என்று பறிகொடுத்தார்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்தால், வயது தன் வேலையைக் காட்டிவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். மூன்றாவது கேமை அவர்கள் 21-15 என்று வென்றார்கள். ஹென்ட்ராவுக்கு அது நான்காவது உலகப் பட்டம். முதலாவதை 2007இல் கோலாலம்பூரில், மார்கிஸ் கிடோ என்ற வேறொரு கூட்டாளியுடன் வென்றிருந்தார். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இப்படியொரு தொழில்வாழ்வை எப்படி அளப்பது? விளையாட்டு வீரரின் வாழ்க்கையைச் சொல்ல நமக்குப் பழகிய வழி ஒன்று உண்டு: திறமை, பயிற்சி, ஏற்றம், உச்சம், தேய்வு. ஒரே உடலின் கதையாக அது ஓடும். ஒற்றையர் ஆட்டக்காரருக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். இரட்டையர் ஆட்டக்காரரை இதைக்கொண்டு அளக்கப் போனால் பாதி கைநழுவிவிடும். அவர் தேர்ச்சியில் பெரும்பங்கு இன்னொருவரோடு நின்று, இன்னொருவருக்காகக் கற்றது. கூட்டாளி மாறும்போது அதில் ஒரு பகுதி கூடவே வருகிறது. ஒரு பகுதி பழைய ஜோடியோடு கரைந்துபோகிறது. எனவே இரட்டையர் ஆட்டக்காரரின் வரலாற்றை ஜோடிகளின் வரலாறாகவே எழுத வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் பார்க்கப் பழகாத வரையில், இந்த ஆட்டம் ஒற்றையரின் குறைந்த வடிவமாகவே நம் கண்ணுக்குத் தெரியும். அதை வளர்ப்பதிலும் தவறிக்கொண்டே இருப்போம்.

முதலில் களத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒற்றையர் களத்தின் அகலம் 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.10 மீட்டர். ஓரத்தில் அரை மீட்டருக்கும் குறைவாக ஒரு பட்டை கூடுகிறது, அவ்வளவுதான். அதற்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பதால், ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பந்து திரும்பி வரும் வேகமோ ஏறிவிடுகிறது. சர்வீஸ் கட்டம் இன்னும் விசேஷமானது. இரட்டையரில் அது அகலத்தில் கூடினாலும், பின்கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி முடிந்துவிடுகிறது. ஒற்றையரில் பந்தை உயரத் தூக்கி எதிராளியைப் பின்னுக்கு விரட்டலாம். இரட்டையரில் அப்படித் தூக்கினால், குறுகிய கட்டத்துக்குள் காத்திருப்பவர் ஓரடி பின்வைத்து ஓங்கி அடித்துவிடுவார். ஆகவே இரட்டையர் ஆட்டக்காரர் ஐந்து கிராம் எடையும் பதினாறு இறகும் கொண்ட அந்த ஷட்டிலை, இறகு நுனியில் இரண்டு விரலால் பிடித்து, புறங்கை வாகில் மட்டையின் முகத்தில் வைத்து மெல்லத் தள்ளுகிறார். அது வலையின் நாடாவை உரசாத குறையாகக் கடந்து, வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள கோட்டைத் தாண்டியதும் இறங்கியாக வேண்டும். நான்கு விரற்கடை உயரம் கூடினாலும் எதிரில் மட்டையை உயர்த்தி நிற்பவர் முகத்துக்கு நேரே திருப்பி அடிப்பார். சர்வீஸ் போடுபவரின் இடது கை சில நேரம் முதுகுப்புறம் போய், பின்னால் நிற்கும் கூட்டாளிக்கு விரலால் ஏதோ சொல்லும். அடுத்த இரண்டு மூன்று அடிகளில் யார் எங்கே நகர வேண்டும் என்பது பந்து கையைவிட்டுப் போகும் முன்பே அங்கே தீர்மானமாகிவிடுகிறது.

ஹென்ட்ராவின் தொழில் இந்த இடத்தில்தான் நடந்தது. ஸ்மாஷின் வேகத்தால் பெயர் பெற்றவர் அல்லர் அவர். வலைக்கு ஒன்றிரண்டு மீட்டர் பின்னால், மட்டையை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பார். எதிராளி எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்பதை முன்கூட்டியே கணித்து, மணிக்கட்டைச் சற்றே திருப்பிப் பந்தை வெற்றிடத்தில் வைப்பார். முகத்தில் சலனம் இருக்காது. பின்னால் அஹ்ஸான் துள்ளி அடிக்கும் ஸ்மாஷ்தான் பார்வையாளரின் கண்ணில் படும். அந்த ஸ்மாஷை அடிக்கும்படியான உயரத்தில் எதிராளி பந்தைத் தூக்க நேர்ந்தது எதனால் என்று பார்த்தால், இரண்டு அடிகளுக்கு முன்னால் வலையோரத்தில் நடந்த ஏதோ ஒரு சிறு காரியத்தில் போய் முடியும். இந்த வித்தை கால் வேகத்தை நம்பியிருப்பதில்லை, கணிப்பை நம்பியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்வீஸ்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு 35 வயதில் குறைவதில்லை. அவருடைய காலத்திலேயே அடிப்படை விதிகள் இரண்டு முறை மாறின. 2006இல் பழைய 15 புள்ளி முறை போய், ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை வந்தது; ஒரு தரப்பில் இருவரும் அடுத்தடுத்து சர்வீஸ் போடும் வழக்கமும் அத்தோடு நின்றது. 2018இல் சர்வீஸின் உயரம் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று நிலையாக வரையறுக்கப்பட்டது. தம் தொழிலின் மூலக் கருவியையே மாற்றிப் பிடிக்க வேண்டிய அந்த விதி வந்த மறு ஆண்டில்தான் அவர் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்து வென்றார். அந்த ஆல் இங்கிலாந்து இறுதியில் கெண்டைக்காலில் காயம் வேறு. முதல் கேமை 11-21 என்று தோற்ற பிறகு, மலேசியாவின் ஆரன் சியா, சோ வூய் யிக் ஜோடியை 21-14, 21-12 என்று அவர்கள் மடக்கினார்கள்.

நாம் எதை எண்ணுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2023இல் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். ஜப்பானில் ஒரு சோதனைக்கூடச் சூழலில் அளந்த வேகம் அது. இந்திய இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த எண் தவறாமல் வந்துவிடுகிறது. அதற்கு முன் 493 கிலோமீட்டர் என்ற சாதனை மலேசியாவின் டான் பூன் ஹியோங்கிடம் இருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஹென்ட்ராவும் அஹ்ஸானும் பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியதும் அந்த ஜோடி கலைந்தது. ஹென்ட்ரா தேசியப் பயிற்சி முகாமை விட்டு வெளியே வந்து, 2017இல் இதே டான் பூன் ஹியோங்கோடு சேர்ந்து ஆடினார். உலகிலேயே வேகமான ஸ்மாஷும் உலகிலேயே நுட்பமான வலையோரக் கையும் ஒரே அணியில். கூட்டல் கணக்குப்படி அவர்களை யாரும் வென்றிருக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஓப்பனில் இறுதிவரை போய் ஜப்பானின் கமுரா, சொனோடாவிடம் தோற்றார்கள். பெரிய பட்டம் எதுவும் கைக்கு வரவில்லை. இருவரின் தனித்தனித் திறமையைக் கூட்டினால் ஜோடியின் திறமை வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் ஜோடிதான் எல்லாம், தனி ஆளுக்கென்று மதிப்பில்லை என்று ஒருவர் சொல்லலாம். நல்ல கூட்டாளி வாய்த்தால் யாரும் சாம்பியன்தானே என்ற கேள்வி இரட்டையர் ஆட்டக்காரரைப் பற்றி அடிக்கடி எழுவது. இதற்கும் சான்றுகளே பதில் சொல்கின்றன. இந்தோனேசியாவின் டோனி குணவான் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் தங்கத்தை சந்திரா விஜயாவோடு வென்றார். 2001 உலகப் பட்டத்தை ஹலிம் ஹரியாண்டோவோடு. 2005இல் அமெரிக்காவுக்காக ஆடி, ஹவர்ட் பாக் என்பவரோடு சேர்ந்து உலகப் பட்டம் வென்றார். அந்த மூன்றாவது பட்டத்துக்கான இறுதியில் எதிரே நின்றவர்களில் ஒருவர் பழைய கூட்டாளி சந்திரா விஜயாவேதான். சீனாவின் ஃபு ஹைஃபெங் 2012 ஒலிம்பிக்ஸ் தங்கத்தை சாய் யுன்னோடும் 2016 தங்கத்தை ஜாங் நான்னோடும் வென்றார். ஹென்ட்ராவோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தங்கத்தைக் கிடோவோடு, அதே சாய் யுன், ஃபு ஹைஃபெங் ஜோடியை அவர்கள் ஊரிலேயே 12-21, 21-11, 21-16 என்று தோற்கடித்து வென்றவர். பிறகு அஹ்ஸானோடு மூன்று உலகப் பட்டங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு கூட்டாளிகளோடு உச்சத்துக்குப் போகிறவரிடம் கூட்டாளியைத் தாண்டிய ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கூட்டாளியை மேம்படுத்தும் திறன் என்று அதைச் சொல்லலாம். தனக்குப் பக்கத்தில் நிற்பவர் எதில் வலிமையோ அது வெளிப்படும்படி பந்தை வரவழைக்கத் தெரிவது. இந்தத் திறனை அளக்க எந்தக் கருவியும் இல்லை. எதிரில் வேறொரு ஆளும் பக்கத்தில் வேறொரு ஆளும் நிற்கும்போது அது மீண்டும் தெரிகிறதா என்று காலம் கடந்து பார்ப்பது ஒன்றே வழி.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொருத்தம் என்பது காலத்தால் வருவதா, அல்லது தற்செயலா? 2006இல் மலேசியாவின் கூ கியன் கீட்டும் டான் பூன் ஹியோங்கும் ஜோடி சேர்ந்த சில வாரங்களிலேயே தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார்கள். ஹென்ட்ராவும் அஹ்ஸானும்கூட 2012 இறுதியில் சேர்ந்து 2013 ஆகஸ்டில் குவாங்ஜோவில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்கள். ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் ஜோடி அமையும் என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்த உடனடி ஜோடிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னொன்று புலப்படும். தோஹாவில் வென்ற ஜோடியை இணைத்து வழிநடத்தியவர் ரெக்ஸி மைனாகி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் இந்தோனேசியாவுக்கு இரட்டையர் தங்கம் வாங்கித் தந்த இருவரில் ஒருவர். ஹென்ட்ராவும் அஹ்ஸானும் கிழக்கு ஜகார்த்தாவில் சிபாயுங் என்ற இடத்தில் உள்ள தேசியப் பயிற்சி முகாமில், ஹெரி இமான் பியர்ன்காடி என்ற பயிற்சியாளரின் கண்காணிப்பில் வளர்ந்தவர்கள். ஒருவர் முன்னே போனால் மற்றவர் எங்கே போக வேண்டும், பந்தைத் தூக்கியதும் இருவரும் எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்ற இலக்கணம் அங்கே இருவருக்கும் பொது. ஒரே மொழி பேசும் இருவர் சந்தித்த அன்றே பேசத் தொடங்கிவிடலாம். டான் பூன் ஹியோங்கோடு ஹென்ட்ரா சேர்ந்தபோது இருவருமே முதிர்ந்தவர்கள், அவரவர் முகாம்களைவிட்டு வெளியே வந்தவர்கள், அவரவர் வழக்குகளோடு வந்தவர்கள். பொருத்தம் மனிதர்களுக்கு இடையே உள்ளதுபோலத் தோன்றினாலும், அதற்கு அடியில் ஒரு பள்ளியின் பாடத்திட்டம் இருக்கிறது.

இந்தோனேசியாவின் ஜோடிகளை ஒரு சங்கிலியாகக் கோத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அஹ்ஸானின் முந்தைய கூட்டாளி போனா செப்டானோ. அவர் மார்கிஸ் கிடோவின் தம்பி. அஹ்ஸான் ஹென்ட்ராவிடம் போக, கிடோ தம்மைவிட இளையவரான மார்கஸ் கிடியோனைச் சேர்த்துக்கொண்டு 2013 பிரெஞ்சு ஓப்பனை வென்றார். கிடியோன் பின்னர் கெவின் சஞ்சயாவோடு இணைந்து பல ஆண்டுகள் உலகின் முதல்நிலை ஜோடியாக இருந்தார். ஒரு ஜோடி கலையும்போது அதிலிருந்த அறிவு அழிவதில்லை. இரண்டு புதிய ஜோடிகளுக்குள் பிரிந்து இறங்குகிறது. மூத்தவர் இளையவருக்குக் களத்துக்குள்ளேயே, ஆட்டம் நடக்கும்போதே கற்றுத்தரக்கூடிய விளையாட்டு இது. ஒற்றையரில் அது முடியாது. அங்கே களத்தில் வேறு யாரும் இல்லை. கிடோ 2021 ஜூனில், தாங்கராங்கில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். வயது 36. அவர் கைப்பிடித்து ஆடவைத்த கிடியோன் அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார்.

பெண்கள் பிரிவில் கிரேசியா பொலீயின் வாழ்க்கை இதையே வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில், வசதியான எதிராளி கிடைப்பதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு ஜோடிகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. மெய்லியானா ஜவுஹரியோடு ஆடிய கிரேசியா அந்த எட்டுப் பேரில் ஒருவர். அங்கேயே முடிந்திருக்கக்கூடிய வாழ்க்கை. பிறகு நித்யா கிரிஷிண்டா மகேஸ்வரியோடு 2014 ஆசிய விளையாட்டுத் தங்கம். நித்யா முழங்கால் காயத்தால் விலகியபோது கிரேசியாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. அப்போது அவருக்குத் துணையாக வந்தவர் சுலாவெசியைச் சேர்ந்த அப்ரியானி ரஹாயு. கிரேசியாவைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். தம் ஆட்டத்தைத் தொடர்வது, அடுத்த தலைமுறையை உருவாக்குவது என்ற இரண்டும் கிரேசியாவுக்கு அங்கே ஒரே வேலையாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில், சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் ஜோடியை 21-19, 21-15 என்று வென்று, பெண்கள் இரட்டையரில் இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக்ஸ் தங்கத்தை இருவரும் வாங்கினார்கள். கிரேசியாவுக்கு 34 வயது நிறைய இன்னும் சில நாள்களே இருந்தன. மூன்று கூட்டாளிகள், ஓர் அவமானம், ஒரு காயம், ஒரு மறுபிறப்பு. ஒற்றை உடலின் ஏற்றமும் தேய்வுமாக இதை எழுதினால் எதுவுமே விளங்காது.

இருந்தாலும் இரட்டையரில் ஆடினால் ஆயுள் நீளும் என்று பொதுவிதி சொல்லிவிட முடியாது. கெவின் சஞ்சயா 28 வயதில் ஓய்வை அறிவித்தார். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்ஸ்களிலும் தங்கம் வென்ற தைவானின் லீ யாங் 29 வயதில் நிறுத்திக்கொண்டார். மறுபக்கம் ஒற்றையரில் லின் டானும் லீ சோங் வெய்யும் 36 வயதுவரை தொழிலில் இருந்தார்கள். ஆகவே எந்தப் பிரிவில் ஆடுகிறார் என்பதைக் காட்டிலும் எந்த முறையில் ஆடுகிறார் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கிடியோன், கெவின் ஜோடியின் ஆட்டம் மின்னல் வேக நேரடி அடிகளாலானது. ஒவ்வோர் அடியிலும் உடலை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் தரவரிசையை ஆண்ட அந்த ஜோடிக்கு உலகச் சாம்பியன் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. மூத்தவர்களான ஹென்ட்ராவும் அஹ்ஸானும் தரவரிசையில் அவர்களுக்குக் கீழே இருந்துகொண்டே அதை வென்றார்கள். இரட்டையர் ஆட்டம் முதுமைக்கு இடம் தருகிறது, உத்தரவாதம் தருவதில்லை. அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தத் தொழிலுக்குரிய விலையையும் சொல்ல வேண்டும். தரவரிசைப் புள்ளிகள் ஜோடிக்கு உரியவை. கூட்டாளி மாறினால் புதிய ஜோடி அடியிலிருந்து ஏறி வர வேண்டும். 2018இல் ஹென்ட்ராவும் அஹ்ஸானும் மறுபடி சேர்ந்தபோது, இரண்டு முறை உலகச் சாம்பியனான அந்த ஜோடி மலேசிய இன்டர்நேஷனல் என்ற கீழ்நிலைப் போட்டியில், பெயர் தெரியாத இளைஞர்களோடு மோத வேண்டியிருந்தது. கூட்டாளிக்குத் தோளில் வலி என்றால் தாமும் வீட்டில் உட்கார வேண்டும். பணத்திலும் இதே நிலைதான். 2023 இந்தோனேசிய ஓப்பனின் மொத்தப் பரிசுத்தொகை 12.5 லட்சம் டாலர். ஒற்றையர் வெற்றியாளருக்கு அதில் 87,500 டாலர். இரட்டையர் வெற்றி ஜோடிக்கு 92,500. இருவரும் பிரித்துக்கொண்டால் தலைக்கு 46,250. இரட்டையர்க்காரர் தேவையானால் கலப்பு இரட்டையரிலும் ஆடி ஈடுகட்டிக்கொள்ளலாமே என்பார்கள். ஆடவர் இரட்டையரும் கலப்பு இரட்டையரும் வேறு வேறு இலக்கணம் கொண்டவை. இன்றைய வேகத்தில் இரண்டிலும் முன்னணியில் இருக்க உடல் இடம் கொடுப்பது அரிது. பயணச் செலவும் பயிற்சியாளர் செலவும் இரண்டு பேருக்கும் ஒற்றையர்க்காரருக்கு ஆவதுபோலவே ஆகின்றன. ஒரே அரங்கில், ஒரே வாரம், ஒரே உழைப்புக்குப் பாதிக் கூலி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கேமராவும் விளம்பரமும் ஒற்றையர் பக்கம் சாய்ந்திருப்பதால் வருகிற இந்த ஏற்றத்தாழ்வை, அந்தச் சாய்வையே காரணம் காட்டி நியாயப்படுத்துவது சுற்றி வருகிற வாதம்.

ஒற்றையரில் தேறாதவர்கள்தான் இரட்டையருக்குப் போகிறார்கள் என்ற பழைய பேச்சுக்கு இப்போது வருவோம். பல நாடுகளில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. இந்தியாவில் மிக அழுத்தமாக இருந்தது. 1980இல் பிரகாஷ் படுகோனே, 2001இல் புல்லேலா கோபிசந்த் என்று ஆல் இங்கிலாந்து வென்ற இருவரும் ஒற்றையர்க்காரர்கள். நம் பேட்மிண்டனின் கனவு, பயிற்சி, பெற்றோரின் பணம் எல்லாம் அந்த வழியிலேயே ஓடின. ஆனால் ஒரு நடைமுறை நிலவுவதாலேயே அது ஆட்டத்தின் இயல்பாகிவிடாது. ஒலிம்பிக்ஸ் பேட்மிண்டனில் உள்ள ஐந்து தங்கங்களில் மூன்று இரட்டையருக்கு உரியவை. ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் இரண்டும், கலப்பு அணிகளுக்கான சுதிர்மான் கோப்பையில் மூன்றும் இரட்டையர். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒரு நாடு இரட்டையரை எஞ்சியவர்களுக்கான இடமாக வைத்திருந்தால், பதக்கங்களில் பாதிக்கு மேல் தானாகவே விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். ஜ்வாலா குட்டா தம் ஆட்டக் காலம் முழுக்க இதைப் பகிரங்கமாகச் சொல்லிவந்தார். அவரும் அஸ்வினி பொன்னப்பாவும் 2010 டெல்லி காமன்வெல்த் தங்கமும் 2011 லண்டன் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலமும் வென்றவர்கள். உலகச் சாம்பியன்ஷிப்பில் 1983இல் படுகோனே வாங்கிய வெண்கலத்துக்குப் பின் இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் அது. சாய்னா, சிந்து காலம் என்று நாம் சொல்லும் காலத்தின் முதல் உலகப் பதக்கம் இரட்டையரில் வந்தது என்பது பலர் நினைவில் இல்லை.

மாற்றம் வந்த விதமும் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் இந்தியாவுக்கு வந்து, ஆந்திரத்தின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்கையும் மும்பையின் சிராக் ஷெட்டியையும் இணைத்தார். இருவருமே உயரமானவர்கள், பின்களத்திலிருந்து ஓங்கி அடித்துப் பழகியவர்கள். வலையோரம் நிற்க ஆள் இல்லாத ஜோடி அது. அந்த இடத்தை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்க ஆண்டுகள் பிடித்தன. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸ்களுக்கு அவர்களைத் தயார்செய்தவர் டென்மார்க்கின் மதியாஸ் போ. 2013 உலக இறுதியில் ஹென்ட்ரா, அஹ்ஸான் ஜோடியிடம் தோற்ற அதே போ. 39 வயதுவரை ஆடியவர். 2022 மே 15 அன்று பாங்காக்கில் இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் தாமஸ் கோப்பை இறுதி. இந்தோனேசிய அணியில் கிடியோன் காயத்தால் இல்லை. எனவே அஹ்ஸானும் கெவினும் ஜோடியாக நின்றார்கள்: உலகச் சாம்பியன் ஒருவர், தரவரிசையின் முதல்வர் ஒருவர், ஆனால் வழக்கமாகச் சேர்ந்து ஆடாதவர்கள். எதிரே ஆறாண்டுகள் சேர்ந்து ஆடிய சாத்விக்கும் சிராக்கும். முதல் கேம் 18-21 என்று போயிற்று. இரண்டாவதில் தோல்வியின் விளிம்புவரை சென்று 23-21 என்று மீண்டு, மூன்றாவதை 21-19 என்று எடுத்தார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்துப் பெரிய தத்துவம் பேச முடியாது. அந்தத் தற்காலிக ஜோடி வென்றிருக்கவும் கூடும். ஆனாலும், அந்த இடத்தில் நிற்கும் தகுதியுள்ள ஒரு ஜோடியாவது இந்தியாவிடம் அப்போது இருந்தது என்பதுதான் செய்தி. பத்தாண்டுகளுக்கு முன் இருக்கவில்லை. இந்தியா 3-0 என்று முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அதே ஜோடி 2023இல் ஆசியச் சாம்பியன் ஆகி, ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்று, உலகத் தரவரிசையில் முதலிடமும் பிடித்தது.

ஒரு ஜோடி போதுமா? தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. மலேசியத் தமிழில் பேட்மிண்டனுக்குப் பூப்பந்து என்று பெயர். தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் தஞ்சையில் தோன்றிய, பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று கம்பளிப் பந்தை அடிக்கும் வேறொரு ஆட்டம். மட்டையும் வலையும் வைத்துச் சேர்ந்து ஆடும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. ஆனால் நகரங்களில் பெருகிவிட்ட உள்ளரங்கப் பயிற்சி மையங்களில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது பெரும்பாலும் ஒற்றையர் ஆட்டம்தான். இரட்டையர் என்பது மாலையில் களம் போதாதபோது நான்கு பேரை ஒன்றாக இறக்கிவிடும் ஏற்பாடு. சிபாயுங்கின் பாடம் இதற்கு நேர் எதிரானது. இரட்டையர் இலக்கணத்தை இளவயதிலேயே தனிப்பாடமாகச் சொல்லித்தர வேண்டும். தோற்றவுடன் ஜோடியைக் கலைக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுவைக்க வேண்டும். மூத்தவரோடு இளையவரைச் சேர்த்து ஆடவைக்க வேண்டும். மலேசியாவில் சிலாங்கூரைச் சேர்ந்த தினா முரளிதரன், கெடாவைச் சேர்ந்த பெர்லி டானோடு ஆடும் ஆட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்தப் பொறுமையின் பலன் தெரியும். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்று நான்காவதாக நின்ற அந்த ஜோடியை யாரும் கலைத்துவிடவில்லை. மறு ஆண்டு, 2025 ஆகஸ்டில், அதே பாரிஸில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போய், சீனாவின் லியு ஷெங்ஷூ, டான் நிங் ஜோடியிடம் 14-21, 20-22 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

ஹென்ட்ரா 2022இல் 38 வயதில் மீண்டும் உலக இறுதிவரை போனார். 2023இல் ஆல் இங்கிலாந்து இறுதிக்கும் போனார். 2025 ஜனவரியில் ஜகார்த்தாவில் நடந்த இந்தோனேசிய மாஸ்டர்ஸோடு அவரும் அஹ்ஸானும் ஒன்றாகவே விடைபெற்றார்கள். அவர் வலையோரத்தை விட்டுப் போய்விடவில்லை. சபார் கார்யமான் குத்தாமா, ரேசா பஹ்லெவி என்ற ஜோடிக்குப் பயிற்சியாளராக, களத்தின் பின்கோட்டுக்கு அப்பால் உள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.